நர்ஸின் பெயரில் ஒரு பில்

1965 ஜூலை 30. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் என்னும் ஊர். அங்குள்ள ட்ரூமன் நூலகத்தில், முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனைப் பக்கத்தில் அமரவைத்து, அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயது நிறைந்தவர்களின் மருத்துவச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கும் காப்பீட்டுத் திட்டம் அது. முதல் அட்டை ட்ரூமனுக்கே போனது. அதே ஆண்டில், மேற்கே கொலராடோ பல்கலைக்கழகத்தில், லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு சிறிய பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். நோயாளியைப் பரிசோதித்து, கோளாறு இன்னதென்று கண்டறிந்து, சிகிச்சையையும் தீர்மானிக்கக்கூடிய செவிலியர்களை உருவாக்குவது அதன் நோக்கம். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தொழில் அங்கிருந்து தொடங்குகிறது.

இரண்டுக்கும் ஒரே வயது. ஆனாலும் ஒன்றை ஒன்று முழுமையாக ஏற்றுக்கொள்ள 32 ஆண்டுகள் பிடித்தன. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் நர்ஸ் பிராக்டிஷனர் தன் பெயரிலேயே மெடிகேருக்கு பில் அனுப்பலாம் என்ற நிலை 1998 ஜனவரி 1 முதல்தான் வந்தது. இன்று ஒரு முதியவர் பக்கத்துக் கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்து, "அங்கே இருக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் மெடிகேர் எடுத்துக்கொள்வாரா?" என்று கேட்கிறார். "எடுத்துக்கொள்வார்" என்று சட்டென்று பதில் வருகிறது. அந்தப் பதில் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. முதலில் மருத்துவர் இல்லாத கிராமத்துக் கிளினிக்குகளுக்குக் கிடைத்தது, பிறகு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு, பிறகு கிராமப்புறம் முழுவதற்கும், நகரங்களுக்குக் கடைசியில். மருத்துவர்கள் போகாத இடங்கள்தான் செவிலியருக்குச் சட்டத்தில் இடம் வாங்கித் தந்தன.

குதிரையில் போன செவிலியர்கள்

வீடு தேடிப் போய்த் தாமே முடிவெடுத்து நோயாளியைக் கவனிக்கும் செவிலியர்கள் அமெரிக்காவுக்கு 1965-ல் புதியவர்கள் அல்லர். 1893-ல் லிலியன் வால்ட் என்ற செவிலியர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களுக்கு நடுவிலேயே தங்கி, மாடி மாடியாக ஏறி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பணி ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1909-ல் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இந்தச் செவிலியர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. பாலிசி எடுத்த தொழிலாளி நோயில் படுத்தால் செவிலியர் போய்ப் பார்ப்பார். அதற்கான பணத்தை நிறுவனம் கொடுக்கும். பாலிசிதாரர் அதிக நாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கும் ஆதாயம். செவிலியரின் வேலைக்குக் காப்பீட்டுப் பணம் என்ற எண்ணம் அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடெங்கும் பரவிய அந்த ஏற்பாட்டை நிறுவனம் 1953-ல் முடித்துக்கொண்டது. அடுத்த 12 ஆண்டுகளில் மெடிகேர் சட்டம் எழுதப்பட்டபோது, பணம் பெறுவோர் என்று அதை எழுதியவர்கள் நினைத்தது மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும்தான்.

நகரத்தில் இப்படி என்றால், மலையில் கதை வேறு. கென்டக்கியின் கிழக்கு மூலையில் அப்பலாச்சியன் மலைத்தொடருக்குள் லெஸ்லி கவுன்டி இருக்கிறது. 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற செவிலியர் அங்கே வந்தபோது வண்டி ஓடும் சாலைகூட இல்லை. ஆற்றுப் படுகைகளும் ஒற்றையடிப் பாதைகளும்தான். தன் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். முதல் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் சேவை செய்து, லண்டனில் மகப்பேறு பார்க்கும் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அவர் உருவாக்கிய அமைப்பு பிறகு ஃபிரான்டியர் நர்ஸிங் சர்வீஸ் என்று பெயர் பெற்றது. அதன் செவிலியர்கள் சேணத்தில் மருந்துப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குதிரையேறி, ஆறுகளைக் கடந்து பிரசவம் பார்க்கப் போனார்கள். கட்டணம் மிகச் சிறியது. அதையும் பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் பொருளாகவோ உழைப்பாகவோ கொடுத்தார்கள்.

அந்தச் செவிலியர்கள் பார்த்த முதல் ஆயிரம் பிரசவங்களின் கணக்கை மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயிஸ் டப்ளின் ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஆயிரம் பிரசவத்துக்கு ஆறு ஏழு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஏழை மலைநாட்டின் கணக்கு நாட்டின் சராசரியைவிட மிக நன்றாக இருந்தது. பயிற்சியும் பொறுப்பும் கொடுத்தால் செவிலியரால் என்ன முடியும் என்பதற்கு எண்ணிக்கையோடு கிடைத்த பழைய சான்றுகளில் இது ஒன்று. மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1965 மே மாதம் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் 1970-ல் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியையும் ஆரம்பித்தது. இன்று அது ஃபிரான்டியர் நர்ஸிங் பல்கலைக்கழகம்.

கொலராடோவில் நடந்தது

லொரெட்டா ஃபோர்ட் 1920-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானப்படைச் செவிலியராக இருந்துவிட்டு, கொலராடோவின் போல்டர் கவுன்டியில் பொதுச் சுகாதாரச் செவிலியர் வேலைக்கு வந்தார். கிராமங்களில் மருத்துவர் கிடைப்பதில்லை. கிடைத்த இடத்தில் தற்காலிகக் கிளினிக் போட்டு, குழந்தைகளின் எடை, வளர்ச்சி, தடுப்பூசி ஆகியவற்றைச் செவிலியர்களே பார்த்தார்கள். தாய்மார் கேட்ட கேள்விகளுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். செய்து கொண்டிருந்த வேலைக்கு முறையான படிப்பும் இல்லை, சட்டப் பெயரும் இல்லை.

போருக்குப் பின் அமெரிக்க மருத்துவர்கள் இதயம், எலும்பு, நரம்பு என்று சிறப்புத் துறைகளை நோக்கி நகர்ந்தார்கள். ஊர்ப்புறத்துப் பொது மருத்துவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்த இடைவெளியைத்தான் ஃபோர்டும் சில்வரும் கண்டார்கள். ஏற்கெனவே அனுபவமுள்ள செவிலியர்களுக்கு உடற்பரிசோதனை, குழந்தை வளர்ச்சி, சாதாரண நோய்களைக் கண்டறிதல் ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சி கொடுத்து, பிறகு களத்துக்கு அனுப்பினார்கள். அதே 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரை வைத்து, மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைக் கவனிக்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கான பயிற்சியைத் தொடங்கியிருந்தார். ஒரே பற்றாக்குறைக்கு இரண்டு விடைகள்.

எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. செவிலியர் கல்வியாளர்களில் ஒரு சாரார், இது செவிலியரை மருத்துவரின் எடுபிடியாக்கிவிடும், நோயாளியின் அருகிலிருந்து கவனிக்கும் பண்பை அழித்துவிடும் என்று வாதிட்டார்கள். ஃபோர்டின் நிலை தெளிவாக இருந்தது: இது குறைந்த விலையில் ஒரு மருத்துவரை உருவாக்கும் முயற்சி அல்ல, செவிலியத்தின் சொந்த வளர்ச்சி. 1972-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் முதல் டீனாகச் சென்ற அவர், வகுப்பறையும் மருத்துவமனை வார்டும் ஒன்றாக இயங்கும் கல்வி முறையை அங்கே நிலைநாட்டினார். 2025 ஜனவரியில், தம் 104-வது வயதில் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த தொழிலில் இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் பெற்றிருக்கிறார்கள்.

மருத்துவரின் நிழலில்

1966 ஜூலை 1-ல் மெடிகேர் நடைமுறைக்கு வந்தபோது சுமார் 1.9 கோடி முதியவர்கள் சேர்ந்திருந்தார்கள். ஏ பகுதி மருத்துவமனைச் செலவுக்கு. பி பகுதி மருத்துவரின் கட்டணத்துக்கு. பி பகுதிக்கு அன்று மாதச் சந்தா 3 டாலர். அந்தச் சட்டத்தில் செவிலியரின் வேலைக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: மருத்துவரின் சேவையோடு ஒட்டி, அவரது மேற்பார்வையில் நடக்கும் வேலையை மருத்துவரின் கணக்கிலேயே பில் போடலாம். நோயாளியைப் பார்த்தவர் செவிலியராக இருந்தாலும் அரசின் ஏட்டில் மருத்துவர் பெயர்தான் ஏறும். நகரத்தில் மருத்துவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஓரளவு பொருந்தியது. மருத்துவரே இல்லாத ஊரில் தனியாகக் கிளினிக் நடத்தியவருக்கு? அவர் செய்த வேலை மெடிகேரின் கண்ணில் நடக்கவே இல்லை.

பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடாவில் நடந்த ஆய்வொன்று அப்பட்டமாகக் காட்டியது. 1970-களின் தொடக்கத்தில் ஒன்டாரியோ மாகாணத்து பர்லிங்டன் நகரில், ஒரு குடும்ப மருத்துவக் கிளினிக்கின் நோயாளிக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவர்களிடமும் இன்னொரு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் அனுப்பினார்கள். 1974-ல் வெளியான முடிவுகளின்படி, உடல்நலத்திலும் நோயாளிகளின் திருப்தியிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை. வந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை மருத்துவரைக் கலக்காமலேயே செவிலியர்கள் கவனித்தார்கள். ஆனால் கிளினிக்கின் வருமானம் சுமார் 5 சதவீதம் குறைந்தது. செவிலியர் பார்த்த பல வேலைகளுக்கு பில் போட வழியில்லாததே காரணம். வைத்தியம் சரியாக நடந்தது, கணக்குதான் ஒத்துவரவில்லை.

ஊர் ஊராக வந்த உரிமை

வேலை செய்ய அனுமதி, வேலைக்குப் பணம் என்ற இரண்டும் அமெரிக்காவில் இரண்டு வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. செவிலியர் என்னென்ன செய்யலாம் என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. மெடிகேர் பணத்தை மத்திய அரசு கொடுக்கிறது. மாநிலங்களில் முதலில் கதவைத் திறந்தது இடாஹோ. மலையும் வயலும் பரந்து கிடக்க, மக்கள் அங்கொருவர் இங்கொருவராக வாழும் அந்த மாநிலம், செவிலியர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதை 1971-ல் சட்டத்தில் ஏற்றது.

பணத்தின் பக்கம் முதல் அசைவு 1977 டிசம்பரில் வந்தது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட கிராமப்புறச் சுகாதாரக் கிளினிக் சட்டம், மருத்துவப் பற்றாக்குறை உள்ள கிராமப் பகுதிகளில் நர்ஸ் பிராக்டிஷனர்களும் பிசிஷியன் அசிஸ்டென்ட்களும் நடத்தும் கிளினிக்குகளுக்கு மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆகிய இரண்டும் பணம் தர வழிசெய்தது. பணம் செவிலியரின் கைக்கு நேராகப் போகவில்லை, கிளினிக்குக்குப் போனது. மருத்துவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலும் கிளினிக் பணம் பெறலாம் என்பதுதான் புதுமை. இன்று நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட கிளினிக்குகள் இந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் குறைந்தது பாதியளவு நர்ஸ் பிராக்டிஷனரோ பிசிஷியன் அசிஸ்டென்டோ மகப்பேறு செவிலியரோ இருக்க வேண்டும் என்பது அவற்றுக்கு விதி.

அனுமதிக்கான போராட்டம் நீதிமன்றத்துக்கும் போனது. மிசௌரியின் தென்கிழக்கில், வருமானம் குறைந்த பெண்களுக்காக நடந்த குடும்பநலக் கிளினிக்குகளில் செவிலியர்கள், மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த நடைமுறைகளின்படி பரிசோதனை செய்து, கருத்தடைச் சாதனங்களை வழங்கிவந்தார்கள். மருத்துவ உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்க்கிறார்கள் என்று மாநில மருத்துவ வாரியம் நடவடிக்கைக்குத் தயாரானது. செவிலியர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் நீதிமன்றம் சென்றனர். 1983-ல் மிசௌரி உச்ச நீதிமன்றம் செவிலியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் புதிய செவிலியர் சட்டம் அவர்கள் செய்யும் வேலைக்கு இடம் தருகிறது, சட்டமன்றம் விரித்த எல்லையை நீதிமன்றம் சுருக்காது என்பது தீர்ப்பின் சாரம். செர்ம்சீஃப் எதிர் கோன்சாலஸ் என்ற அந்த வழக்கு, செவிலியர் சட்டம் படிப்போருக்கு இன்றும் பாடம்.

அதன்பின் படிப்படியாகக் கதவுகள் திறந்தன. 1989-ன் வரவுசெலவுச் சட்டம் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் செய்யும் சேவையை மெடிகேருக்குள் கொண்டுவந்தது. மருத்துவர்கள் அரிதாகவே எட்டிப்பார்த்த இடங்கள் அவை. அதே சட்டம், மெடிகெய்டு திட்டத்தில் குழந்தைகள் நல, குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு நேரடிப் பணம் பெற்றுத் தந்தது. 1990-ன் சட்டம், கிராமப்புறங்களில் மெடிகேர் பணத்தை நேரடியாகப் பெறும் உரிமையைத் தந்தது. ஆக, கவுன்டி எல்லையைத் தாண்டி நகரத்துக்குள் கால் வைத்தால் அதே படிப்பும் அதே உரிமமும் கொண்ட அதே செவிலியரின் வேலைக்கு நேரடிப் பணம் இல்லை. 1997-ல் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சமநிலை வரவுசெலவுச் சட்டம்தான் அந்த எல்லைக்கோட்டை அழித்தது.

எண்பத்தைந்து சதவீதம்

எல்லா ஊரிலும் பணம் உண்டு. ஆனால் முழுப் பணம் இல்லை. மருத்துவருக்கு மெடிகேர் நிர்ணயித்த கட்டணத்தில் 85 சதவீதம்தான் நர்ஸ் பிராக்டிஷனருக்கு. 1986-ல் பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்காக எழுதப்பட்ட சட்டத்திலேயே இந்த 85 தலைகாட்டியது. செவிலியரின் படிப்புச் செலவு குறைவு, கிளினிக் செலவு குறைவு என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. நாடாளுமன்றத்துக்கு மெடிகேர் பற்றி ஆலோசனை சொல்லும் மெட்பேக் ஆணையம் 2002-ல் இதை ஆராய்ந்தபோது, அந்தச் சதவீதத்துக்குத் திட்டமான ஆய்வு அடிப்படை எதுவும் இல்லை என்று கண்டது. இருந்தும் எண் மாறவில்லை.

இதற்கிடையே தரம் பற்றிய கேள்விக்கு நியூயார்க்கில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேரி மன்டிங்கரும் சகாக்களும் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மருத்துவர்களுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் பிரித்துக்கொடுத்தனர். இரு தரப்புக்கும் ஒரே அதிகாரம், ஒரே விதமான கிளினிக். 2000-ல் வெளியான முடிவில், நீரிழிவு, ஆஸ்துமா நோயாளிகளின் நிலையில் வேறுபாடு இல்லை. உயர் ரத்த அழுத்தக்காரர்களில் செவிலியரிடம் போனவர்களின் டயஸ்டாலிக் அழுத்தம் 82, மருத்துவரிடம் போனவர்களுக்கு 85. ஆறு மாதக் கவனிப்பை வைத்து நீண்டகால நோய்களைப் பற்றி முடிவு கட்டலாமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவுகள் 2004-ல் வந்தன. அவற்றிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

பழைய நிழல் வழி மூடப்படவும் இல்லை. மருத்துவர் நேரடியாக மேற்பார்வை செய்தால், செவிலியர் பார்த்த நோயாளிக்கு மருத்துவரின் பெயரிலேயே பில் போட்டு 100 சதவீதமும் பெறலாம். இதனால் எந்த வேலையை யார் செய்தார் என்பதே மெடிகேரின் பதிவேட்டில் தெரியாமல் போகிறது. இந்த வழியை நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு நிறுத்திவிடலாம் என்று மெட்பேக் 2019-ல் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

நோயாளியின் பையில் என்ன மாறுகிறது

இந்த வரலாற்றின் பலன் நோயாளியின் செலவில் நேராகத் தெரிகிறது. பி பகுதியில், காப்பீடு தரத் தொடங்கும் முன் நோயாளி தானே கட்டும் ஆண்டுத் தொடக்கக் கழிவைக் (2025-ல் அது 257 டாலராக இருந்தது) கட்டியபின், மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையில் 80 சதவீதத்தை அரசு தரும். மீதி 20 சதவீதம் நோயாளியுடையது. ஒரு சேவைக்கு மருத்துவருக்கான மெடிகேர் கட்டணம் 100 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். மெடிகேரோடு முழு ஒப்பந்தம் செய்த மருத்துவரிடம் போனால் நோயாளியின் பங்கு 20 டாலர். நர்ஸ் பிராக்டிஷனரிடம் போனால் ஒப்புக்கொண்ட தொகையே 85 டாலர். நோயாளி தருவது 17.

மெடிகேரை ஏற்றும் ஏற்காமலும் இருக்கும் இன்னொரு வகை மருத்துவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் மெடிகேர் தொகையை முழுக் கட்டணமாக ஏற்பதா வேண்டாமா என்று இவர்கள் முடிவு செய்யலாம். இவர்களுக்கான கட்டணம் 95 டாலர். ஏற்காதபோது அதற்கு மேல் 15 சதவீதம்வரை நோயாளியிடம் வாங்கலாம். ஆக மொத்தம் 109 டாலர் 25 சென்ட். மெடிகேர் 76 டாலர் தரும்; மீதி 33 டாலர் 25 சென்ட் நோயாளியின் பையிலிருந்து. நர்ஸ் பிராக்டிஷனருக்கு இந்த இடைவழி கிடையாது. மெடிகேரில் பதிவுசெய்து பில் அனுப்பும் நர்ஸ் பிராக்டிஷனர், ஒப்புக்கொண்ட தொகையை முழுக் கட்டணமாக ஏற்றே தீர வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் ஒரு சென்ட்கூட நோயாளியிடம் கேட்க முடியாது. செவிலியரை 85-ல் நிறுத்திய அதே அமைப்பு, நோயாளிக்கு இந்தப் பாதுகாப்பையும் தந்திருக்கிறது.

விலக்கு ஒன்று உண்டு. மெடிகேரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து இரண்டிரண்டு ஆண்டுகளாக முழுவதும் வெளியேறுவது. அப்படி வெளியேறியவரிடம் நோயாளி தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முழுத் தொகையையும் தானே கட்ட வேண்டும். மெடிகேர் எதுவும் தராது. மனநலம் பார்க்கும் கிளினிக்குகளில் இப்படி வெளியேறியவர்கள் இருக்கலாம் என்பதால், அங்கே இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மிக அவசியம்.

இன்னொரு பெரிய திருப்பமும் 1997-ன் அதே சட்டத்தில்தான் விதைக்கப்பட்டது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக மெடிகேரைப் பெறும் திட்டத்தை அது விரிவாக்கியது. 2003-ல் அதற்கு மெடிகேர் அட்வான்டேஜ் என்று பெயர் வந்தது. இன்று மெடிகேர் பயனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். இந்தத் திட்டங்களுக்குச் சொந்த வலையமைப்பு உண்டு. நர்ஸ் பிராக்டிஷனர் அரசு மெடிகேரை ஏற்பவராக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட தனியார் திட்டத்தின் பட்டியலில் இல்லாமல் போகலாம். அதனால் "மெடிகேர் எடுத்துக்கொள்வீர்களா?" என்ற கேள்வி இன்று தனியாக நிற்பதில்லை. அட்டையில் அச்சிட்டுள்ள திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதன் வலையமைப்பில் இவர் இருக்கிறாரா, புதிய நோயாளிகளைச் சேர்க்கிறாரா, பில் யார் பெயரில் போகும் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

தேடும் வழியும் மாறிவிட்டது. லிலியன் வால்டின் செவிலியர்களை அக்கம்பக்கத்தார் சொல்லி அறிந்தார்கள். இப்போது மெடிகேரின் கேர் கம்பேர் என்ற இணையத் தேடலில் ஊரின் பெயரைத் தந்தால், பதிவுபெற்றவர்களின் பட்டியல் வருகிறது. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்ப்பது நல்லது: எஃப்.என்.பி. என்றால் குடும்பநலம், பி.எம்.எச்.என்.பி. என்றால் மனநலம். 2003 முதல், புதிதாக மெடிகேரில் சேரும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு முதுநிலைப் பட்டமும் தேசியச் சான்றிதழும் கட்டாயம். திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் திகைக்கும் முதியவர்களுக்கு, ஷிப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநிலக் காப்பீட்டு உதவித் திட்டம் இலவச ஆலோசனை தருகிறது. அதுவும் 1990-ன் சட்டம் உருவாக்கியதுதான்.

இந்தத் தகவல்கள் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் பிள்ளைகளோடு வாழவந்த தமிழ்ப் பெற்றோருக்கும் உதவும். கிரீன் கார்டு பெற்று, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த 65 வயதானவர், அங்கே வேலை செய்து வரி கட்டியிராவிட்டாலும் சந்தா செலுத்தி மெடிகேரில் சேரலாம். சுற்றுலா விசாவில் ஆறு மாதம் தங்கிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது.

மீதமிருக்கும் கையெழுத்துகள்

மாநிலங்களின் விதிகள் இன்னும் ஒன்றுபோல் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நர்ஸ் பிராக்டிஷனரைச் சுதந்திரமாகப் பணிபுரிய விடுகின்றன. டெக்சாஸ் போன்றவை மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் கேட்கின்றன. ஒப்பந்தத்துக்கு மருத்துவர் கிடைக்காவிட்டால் கிளினிக் திறக்க முடியாது. மருத்துவர் குறைந்த ஊர்களில்தான் அந்த ஒப்பந்தமும் கிடைப்பது அரிது.

மெடிகேரின் விதிகளிலும் பழைய கணக்கு முழுவதும் தீரவில்லை. நோயாளி வீட்டிலிருந்தே செவிலியர் பராமரிப்பு பெற வேண்டும் என்று சான்றளிக்கும் அதிகாரம் 2020 மார்ச் வரை மருத்துவர்களுக்கு மட்டுமே இருந்தது. கொரோனா பரவிய வாரங்களில் அவசரமாக நிறைவேறிய கேர்ஸ் சட்டம்தான் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் அதைத் தந்தது. இறுதிக்கால நோயாளியைக் கவனிக்கும் முதன்மைப் பொறுப்பை 2003-ன் சட்டப்படி நர்ஸ் பிராக்டிஷனர் ஏற்கலாம். ஆனால் நோயாளி அந்த நிலையை அடைந்துவிட்டார் என்று சான்றளிக்க மருத்துவர் வேண்டும். நீரிழிவு நோயாளிக்கான சிறப்புக் காலணிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். இந்தத் தடைகளை நீக்கும் ஐகேன் என்ற மசோதா 2022-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் கொண்டுவரப்பட்டது. சட்டமாகும்வரை, ஊரில் இருக்கும் ஒரே கிளினிக்கை நர்ஸ் பிராக்டிஷனர் நடத்தும் இடங்களில், பாதம் மரத்துப்போன நீரிழிவுக்காரரின் காலணிச் சான்றுக்கு வேறு ஊரிலுள்ள ஒரு மருத்துவரின் கையெழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது.